ரிப்பன் கட்டி இழுத்த வண்டி

மரப்பெட்டியின் மேல்பலகையைப் பெயர்த்ததும் முதலில் கொட்டியது சுருள் சுருளான மரச்சீவல். அதை அள்ளிப் போட்ட பிறகு ஒரு சிவப்பு மூக்கு தெரிந்தது. மூக்கு என்றுதான் இருதயமேரி சொன்னாள். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, பிடித்துக்கொள்ள சைக்கிளுக்கு இருப்பது போல ஒரு கைப்பிடி, உட்கார மெத்தை வைத்த நாற்காலி, அதற்கு அடியில் அம்மிக்கல் கனத்தில் ஒரு பேட்டரி. ஸ்காட்லாந்திலிருந்து எல்ஸ்பெத்தின் அண்ணன் அனுப்பியது. மெட்ராஸ் துறைமுகத்தில் இது நாற்காலியா வண்டியா என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லி, ஒருவழியாக லாரி ஏறித் திருச்சி வந்து சேர்ந்திருந்தது.

"உக்காந்து பாருங்க எல்சி," என்றாள் இருதயமேரி. பிறகு உடனே, "வேணாம், இருங்க. முதல்ல ஜெபம் பண்ணிக்குவோம்," என்றாள்.

ஜெபம் முடிவதற்குள் எல்சி ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

எல்ஸ்பெத்தை எல்சியாக்கியது திருச்சிதான். டண்டீ என்ற ஊரில் பிறந்தவள். ஏழு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப் போனது. வலது கால் மனசிருந்தால் சொன்ன பேச்சைக் கேட்கும். காலில் இரும்புப் பட்டை, கக்கத்தில் இரண்டு கட்டைகள். அப்படியே கப்பலேறி வந்து, தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துப் பன்னிரண்டு வருஷம் ஓட்டிவிட்டாள். இப்போது நாற்பத்தாறு வயது. கல்லூரி ஹாஸ்டல் வார்டன் இருதயமேரியும் அவளும் மாதா கோயில் சந்தில் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். ஒரு புலவரிடம் தமிழ் படித்ததால் எல்சி பேசுவது புத்தகத்தைத் திறந்து வைத்தது போல இருக்கும். கறிகாய் வாங்கும்போதுகூட, "இந்தக் கத்தரிக்காய்கள் இன்று பறிக்கப்பட்டவையா?" என்றுதான் கேட்பாள்.

அந்த ஊரில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை, ஒன்றைத் தவிர. வெளியே போக ரிக்‌ஷா வேண்டும். ரிக்‌ஷாவில் ஏறினால் எங்கே போகிறோம் என்று சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு வருஷமும் அவள் கல்லூரிக்குப் போனாள், கோயிலுக்குப் போனாள், தபாலாபீசுக்குப் போனாள். சும்மா போனதே கிடையாது. சும்மா நட, வலது பக்கம் ஏதாவது வாசனை வந்தால் அங்கே திரும்பு என்று எந்த ரிக்‌ஷாக்காரரிடமும் சொல்ல முடியாது. சொன்னாலும் அவர் மாட்டாஸ்பத்திரியா, ரயிலடியா என்று கேட்பார்.

வண்டி வந்த முதல் வாரம் எல்சிக்குப் பித்துப் பிடித்த மாதிரிதான் இருந்தது. காலையில் காபி ஆறுவதற்குள் கிளம்பிவிடுவாள். சின்னக்கடைத் தெருவில் நெய் உருக்கும் வாசனையைப் பிடித்துக்கொண்டு போனாள். பாத்திரக் கடை வாசலில் நின்று தட்டுகிற சத்தத்தைக் கேட்டாள். ஒரு மாடு பின்னாலேயே வந்தது என்பதற்காக நந்தி கோயில் தெருவை இரண்டு முறை சுற்றினாள். பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் வண்டியோடு சேர்ந்து அவளும் எகிறினாள், எகிறும்போதெல்லாம் சிரித்தாள். இத்தனை வருஷமாக அவளைப் பார்த்து 'உச்' கொட்டிய தெரு இப்போது பொறாமையோடு பார்த்தது. அந்தப் பொறாமை எவ்வளவு இனிப்பு என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. இருதயமேரியிடம் மட்டும் சொன்னாள்.

மெயின் கார்டு கேட் அருகே ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"லைசென்ஸ் இருக்குதுங்களா?"

"இது நாற்காலி ஐயா. நாற்காலிக்கு உரிமம் வேண்டுமா?"

வெள்ளைக்காரியின் வாயிலிருந்து வந்த தமிழைக் கேட்டு அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நாற்காலின்னா அது ஏங்க ரோட்டுல வருது?"

"நான் அதன்மேல் அமர்ந்திருக்கிறேன் அல்லவா? அதனால்தான் வருகிறது."

அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பெட்ரோல் எங்கே ஊற்றுவது என்று குனிந்து தேடினார். கடைசியில் ஊரே கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை அவரும் கேட்டார்: "எவ்வளவு மைலேஜ் கொடுக்குதுங்க?"

அடைக்கலம் அறிமுகமானதும் அந்த வாரத்தில்தான். கல்லூரி வாசலில் கையால் சுற்றி ஓட்டும் மூணு சக்கர வண்டியில் ரிப்பன், ஹேர்பின், சாந்து, கண்மை விற்பவர். ஐம்பதை நெருங்கும் வயது, இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே கிடையாது. தோளும் கையும் பயில்வானுக்கு இருப்பது போல இருக்கும். எல்சியைத் தினமும் பார்ப்பவர்தான், ஆனால் கட்டை ஊன்றி நடப்பவளிடம் பேச அவருக்கு ஒன்றும் இருந்ததில்லை. சக்கரத்தில் வந்தவளைப் பார்த்ததும் வாய் திறந்துகொண்டது.

"மிஸ், கை காட்டாம வலது பக்கம் திரும்புறீங்க. பின்னாடி வர்றவன் மனுசன் இல்லையா?"

"மன்னிக்க வேண்டும். தாங்கள் இவ்வளவு வேகமாக வருவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை."

"வேகமா? இதா வேகம்? நாளைக்கு ஞாயித்துக்கெழமை, கடையெல்லாம் சாத்தியிருக்கும். வாங்க, காட்டுறேன் வேகம்னா என்னன்னு."

மறுநாள் காலை பூசை முடிந்த கையோடு தெப்பக்குளத்துக் கரையிலிருந்து மெயின் கார்டு கேட் வரை பந்தயம் நடந்தது. நேர் ரோட்டில் எல்சி முந்தினாள். வளைவில் அடைக்கலம் வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து, இரண்டு சக்கரத்தில் திரும்பி அவளைத் தாண்டினார். யார் ஜெயித்தது என்பதில் இருவருக்கும் கடைசி வரை ஒத்துப்போகவில்லை. அதைத் தீர்ப்பதற்காகவே அடுத்த ஞாயிறும் ஓட்டினார்கள், அதற்கடுத்த ஞாயிறும் ஓட்டினார்கள்.

ஒருநாள் கல்லூரி வாசல் வேப்பமரத்தடியில் அவர் எல்சியின் வண்டியில் ஏறி ஒரு சுற்றுப் போய்வந்தார். எப்படி இருக்கிறது என்று ஆவலாகக் கேட்டாள்.

"சொகுசாத்தான் இருக்கு. ஆனா இந்த ரெண்டு கையையும் என்ன பண்றது? எதிர்ல வர்றவனுக்கெல்லாம் கும்பிடு போட்டுக்கிட்டே போறதா?"

ஆடிப் பதினெட்டு வந்தது. அந்த வருஷம் காவிரி இரு கரையும் தொட்டு ஓடியது. எண்பத்தொன்றில் அப்படி ஒரு தண்ணீர். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் ஊரே கூடும் என்று கல்லூரிப் பெண்கள் பேசிக்கொண்டதை எல்சி வருஷா வருஷம் கேட்டிருக்கிறாள், போனதில்லை. அடைக்கலம் கருகமணியும் மஞ்சள் கயிறும் விற்பதற்காக அங்கே போகிறார் என்று தெரிந்ததும், தானும் வருவதாகச் சொல்லிவிட்டாள்.

"அவ்வளவு தூரமா? பேட்டரி தாங்குமா?" என்றாள் இருதயமேரி.

"அதெல்லாம் தாங்கும்," என்றார் அடைக்கலம். பேட்டரியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது.

முதல் நாள் ராத்திரி முழுக்க மின்வெட்டு. பேட்டரிக்கு அரைவயிறுதான் நிறைந்திருந்தது. அது போதாதென்று காலையில் எல்சி புதுப் புடவையைக் காட்டுவதற்காகச் சின்னக்கடைத் தெருவை ஒரு வலம் வந்துவிட்டுத்தான் பாலத்துக்கே திரும்பினாள். முன்னால் அடைக்கலம், நடுவில் எல்சி, பின்னால் எலுமிச்சம்பழச் சாதம் வைத்த டிபன் கேரியரும் குடையுமாக வேக நடையில் இருதயமேரி. பஸ்ஸில் போய் இறங்கிக் காத்திருக்கிறேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். இந்த இரண்டு பேரையும் தனியாக விட அவளுக்கு மனசு வரவில்லை.

காவிரிப் பாலத்தின் நடுவில் வண்டி முனகியது. பிறகு நின்றுவிட்டது.

கீழே நதி நுரைத்துக்கொண்டு ஓடியது. மேலே பூவும் பழமும் தூக்கிக்கொண்டு பெண்கள் சாரி சாரியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பஸ்காரன் ஹாரன் அடித்தான். இருதயமேரி குடையை மடக்கிவிட்டுத் தள்ளினாள். வண்டி நகரவே இல்லை. மோட்டார் உயிரோடு இருந்தால்தான் சக்கரம் சுற்றும். இல்லையென்றால் அடியில் இருக்கும் ஒரு நெம்புகோலைத் தள்ளி மோட்டாரைக் கழற்றிவிட வேண்டும். எல்சி குனிந்து அதைத் தள்ளினாள். அப்படித் தள்ளினால் பிரேக்கும் சேர்ந்தே கழன்றுவிடும் என்று அண்ணன் சொல்லியிருந்தது அப்போது அவள் நினைவில் இல்லை.

"நான் இழுக்கிறேன் மிஸ். கயிறு இருக்கா?" என்றார் அடைக்கலம்.

கயிறு யாரிடம் இருக்கும்? அடைக்கலம் ஒரு நிமிஷம் தன் பெட்டியையே பார்த்தார். பிறகு ரிப்பன் உருளைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். சிவப்பு, மஞ்சள், வாடாமல்லி நிறம்.

"ஒத்த ரிப்பன் அந்துரும்," என்றாள் வழியில் போன ஒரு பெண்.

"அப்ப பின்னுங்க தாயி!"

சடை பின்னத் தெரியாத பெண் அந்தப் பாலத்தில் யார் இருந்தார்கள்? நான்கு பேர் தட்டைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஒருத்தி முனையைப் பிடிக்க, ஒருத்தி புரி போட, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை தடிமனில் மினுமினுவென்று ஒரு சடை நீண்டது. இரண்டு வண்டிக்கும் நடுவில் அதை முடிந்து, முடிச்சின் மேல் யாரோ ஒரு முழம் கதம்பத்தையும் சுற்றிவிட்டார்கள். அடைக்கலம் கையில் எச்சிலைத் துப்பித் தேய்த்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார். கை நரம்பு புடைத்தது. வண்டிகள் நகர்ந்தன. பாலத்தில் குலவை எழுந்தது.

எல்சி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். பாலத்தின் மறுமுனை வரும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

அங்கே ரோடு மாம்பழச்சாலையைப் பார்த்து இறங்குகிறது. அடைக்கலத்தின் வண்டி தானாக ஓட ஆரம்பித்தது. எல்சியின் வண்டியும் ஓட ஆரம்பித்தது. ஆனால் பேட்டரிக் கனத்தோடு இருந்த எல்சியின் வண்டிக்குத்தான் அவசரம் அதிகம். ரிப்பன் தொய்ந்தது. எல்சி அடைக்கலத்தின் பக்கத்தில் வந்தாள். அவரைத் தாண்டினாள். ரிப்பன் மறுபடி விறைத்தது. இப்போது அவள் முன்னால், அவர் பின்னால்.

"மிஸ்! நான்தான் முன்னாடி! நான்தான் இழுக்கணும்!"

எல்சி பிரேக்கைத் தேடினாள். அப்போதுதான் அண்ணன் சொன்னது நினைவுக்கு வந்தது. பதற்றத்தில் புலவர் சொல்லிக்கொடுத்த சொல்தான் வாயில் வந்தது.

"வழி விடுங்கள்! தயவுசெய்து வழி விடுங்கள்! என்னிடம் தடை இல்லை!"

"தடையில்லைன்னா தாராளமாப் போங்கம்மா!" என்று ஒரு சோடாக் கடைக்காரர் உற்சாகமாகக் குரல் கொடுத்தார்.

போனாள். காற்று புடவைத் தலைப்பைப் பிடுங்கியது. இரண்டு பக்கமும் ஆட்கள் விலகி விலகி வரப்பு போல ஒதுங்கினார்கள். வயிறு எங்கோ பின்னால் பாலத்திலேயே தங்கிவிட்டது. ஏழு வயதுக்கு முன்னால் டண்டீயில் ஏதோ ஒரு புல்மேட்டில் ஓடியிருப்பாள், ஆனால் அது அவளுக்கு நினைவில்லை. ஓடுவது என்றால் இப்படித்தான் இருக்குமா? இத்தனை நாள் இதையா எல்லாரும் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தார்கள்? பயத்தில் கத்துகிறோமா சந்தோஷத்தில் கத்துகிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை. கத்துவதை மட்டும் நிறுத்தவில்லை.

சரிவின் அடியில், தொட்டியத்திலிருந்து வந்து இறங்கிய வாழையிலைக் கட்டுகளை இருசம்மாள் என்ற இலைக்காரி மலை போல அடுக்கி வைத்து வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தாள். முதலில் எல்சி அதற்குள் போனாள். பின்னாலேயே ரிப்பனோடு அடைக்கலமும் போனார்.

இலைகள் ஒவ்வொன்றாக அவர்கள் மேல் சரிந்தன.

"யாரு பெத்த புள்ளைங்கடா இதுங்க!" இருசம்மாள் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்து ஒரு தலைவாழை இலையை விலக்கினாள். அடியில் ஒரு சிவந்த முகம். "ஐயய்யோ, தொரசாணி! தாயி, கழுத்து கிழுத்து ஒடிஞ்சு போச்சா?"

"இல்லை, மிக்க நன்றி," என்றாள் எல்சி. மூச்சு வாங்கியது. "மறுபடியும் போகலாமா?"

இருசம்மாள் அவளை முறைத்தாள். கிழிந்த இலைகளைப் பார்த்தாள். இன்னொரு பக்கம் இலைக்குள்ளிருந்து தலையை நீட்டிய அடைக்கலத்தைப் பார்த்தாள். அவர் காதில் ஒரு வாடாமல்லி ரிப்பன் தொங்கிக்கொண்டிருந்தது. திட்டுவதற்காகத் திறந்த வாயில் சிரிப்புதான் வந்தது. அவள் சிரிக்க, சோடாக் கடைக்காரர் சிரிக்க, கூடியிருந்த அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

இருசம்மாளும் இன்னும் நாலைந்து பெண்களும் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு அம்மா மண்டபம் வரை வந்தார்கள். இலை வியாபாரத்தைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு வந்துவிட்டாள் இருசம்மாள். இந்தக் கூத்தை விட்டுவிட்டு இலை விற்க யாருக்கு மனசு வரும் என்றாள்.

மண்டபத்தைத் தாண்டினால் படிகள். படிகளுக்குக் கீழே ஆறு. சக்கரங்கள் படி விளிம்பில் நின்றன.

"தூக்கிட்டுப் போயிடுறோம்மா," என்று இரண்டு ஆண்கள் முன்னால் வந்தார்கள். நல்ல மனசோடுதான் வந்தார்கள். எல்சிக்கு முகம் சுருங்கியது. ஆஸ்பத்திரியில், கப்பலில், ரயிலில் என்று எத்தனையோ கைகள் அவளைத் தூக்கியிருக்கின்றன. தூக்கிய ஒவ்வொரு முறையும் அவள் ஒரு சாமானாகத்தான் போய்ச் சேர்ந்தாள். இன்றைக்கு அது வேண்டாம்.

அவள் சொல்வதற்கு முன் அடைக்கலம் சொன்னார். "வேணாங்க. நாங்க மூட்டை இல்ல."

"அப்ப ஆத்த மேல கொண்டாந்துட வேண்டியதுதான்," என்றாள் இருசம்மாள்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். யாரிடமோ குடத்தை வாங்கி முங்கி மொண்டு, படி ஏறி வந்து, எல்சியின் தலையில் கவிழ்த்தாள். செக்கச்செவேலென்று புதுத் தண்ணீர், மண் வாசனையோடு. எல்சி வீறிட்டாள். அடுத்த குடம் அடைக்கலத்துக்கு. அதைப் பார்த்து இன்னொருத்தி குடத்தோடு ஏறினாள், அவள் பின்னால் இன்னொருத்தி. புதுசாகக் கல்யாணமான ஒரு பெண் வண்டியின் கைப்பிடிக்கு மஞ்சள் கயிறு கட்டிக் குங்குமம் வைத்தாள். சாந்துப் புட்டிகள் பெட்டிக்குள்ளேயே மிதந்தன.

"யாவாரம் போச்சே அடைக்கலம்!" என்றாள் எல்சி. அந்த நேரத்தில் அவளுக்குக் கொச்சைத் தமிழ்கூட வந்துவிட்டது.

"போகட்டும் மிஸ். நானும் பதினைஞ்சு வருஷமா வர்றேன். பெட்டியைத்தான் பார்ப்பேன், ஆத்தப் பார்த்ததில்ல," என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எத்தாம் பெருசா இருக்கு!"

இந்தக் கோலத்தில்தான் இருதயமேரி வந்து சேர்ந்தாள். பாலத்துச் சரிவிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தவள். குடையைக் காணோம், ஒரு காலில் செருப்பைக் காணோம், டிபன் கேரியரை மட்டும் குழந்தை மாதிரி மார்போடு அணைத்திருந்தாள். ஹாஸ்டலில் முந்நூறு பெண்களை ஒரு பார்வையில் அடக்கும் வார்டன். அந்தப் பார்வையோடுதான் வாயைத் திறந்தாள்.

"எல்சி! உங்களுக்கு அறிவு இருக்குதா? நீங்க செத்துப் போயிட்டீங்கன்னு நான்..."

அதற்குமேல் பேச முடியவில்லை. இருசம்மாளின் குடம் அவளையும் முழுசாக நனைத்துவிட்டது. இருதயமேரி கண்ணைத் திறந்தாள், மூடினாள். பிறகு படியிலேயே உட்கார்ந்து, கேரியரை மடியில் வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தாள். அவள் அப்படிச் சிரித்து எல்சி பார்த்ததே இல்லை.

கிழிந்த இலைகளை இருசம்மாளின் தங்கச்சி கொண்டுவந்து போட்டாள். எலுமிச்சம்பழச் சாதத்தோடு யார் யாரோ தேங்காய்ச் சாதமும் புளிச் சாதமும் தயிர்ச் சாதமும் கொண்டுவந்து வைத்தார்கள். வெயில் சாயும்வரை தின்றுகொண்டே இருந்தார்கள். வீட்டுக்குத் திரும்ப, காந்தி மார்க்கெட்டுக்கு வாழைத்தார் ஏற்றிப் போகும் ஒரு லாரி கிடைத்தது. அதில் வண்டியையும் ஆளையும் சேர்த்தே ஏற்றினார்கள். வண்டியோடு தூக்கினால் அது தூக்குகிற கணக்கில் வராது என்று அடைக்கலம் தீர்ப்புச் சொன்னார். தார்களின் நடுவே சிவப்பு வண்டியில் ஈரத் தலையோடு உட்கார்ந்து, எதிரே வந்த பஸ்களுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டே எல்சி பாலத்தைத் தாண்டினாள்.

வண்டிக்குள் போன காவிரியை வடிக்க எலக்ட்ரீஷியன் செபஸ்தியானுக்கு ஒரு வாரம் பிடித்தது. ஒவ்வொரு திருகாகக் கழற்றி, வெயிலில் காயவைத்து, மணலை ஊதி எடுத்து, திரும்ப மாட்டினார். அந்த வாரம் முழுக்க எல்சி கட்டையை ஊன்றிக்கொண்டு எல்லோரிடமும் சிடுசிடுத்தாள். சனிக்கிழமை சாயந்தரம் வண்டி பழையபடி உறுமியது. ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

ஞாயிறு காலை பூசைக்குக் கிளம்பிக் குளித்துவிட்டு வந்து பார்த்தால் வண்டியைக் காணோம். இருதயமேரியையும் காணோம். வெளியே காம்பவுண்டில் கோழிகள் அலறின. எல்சி கட்டையை ஊன்றி வாசலுக்கு வந்தாள்.

பூசைக்கு உடுத்திய பட்டுப்புடவையோடு, முதுகை நிமிர்த்தி, கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருதயமேரி மாமரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கோழிகள் ஒரு பக்கம், துணி காயப்போடும் கொடி ஒரு பக்கம். கொடியிலிருந்த தலையணை உறை ஒன்று அவள் தோளில் ஏறியிருந்தது. முகத்தில் பீதியும் பெருமையும் சரிபாதி.

"எல்சி! வந்துட்டீங்களா? இத நிறுத்துறது எப்படிங்க?"

கையை எடுத்தால் போதும், நின்றுவிடும். எல்சி கதவு நிலையில் வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

"முதலில் இன்னொரு சுற்று வா மேரி," என்றாள். "பிறகு சொல்கிறேன்."